தெருவை நிறுத்தி எடுத்த படம்

தம்பி,

நீ ஈப்போவிலிருந்து அனுப்பிய படங்கள் நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தன. நானும் உன் அப்பாவும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, படங்களைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்த்தோம். பகல் வெளிச்சத்தில் எடுத்தவை அத்தனையும் பளிச்சென்று இருக்கின்றன. நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்து வாசல், உன்னோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் பையன்கள், ஊரைச் சுற்றி நிற்கும் அந்தச் சுண்ணாம்புக்கல் மலைகள், எல்லாமே அழகு. குகைக் கோயிலுக்குள் எடுத்தவைதான் தண்ணீருக்குள் விழுந்த மாதிரி கலங்கியிருக்கின்றன. அதில் ஒன்றை உன் அப்பா வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, கழற்றிப் பார்த்து, "இது சாமியா, ஆளா?" என்று கேட்டார். சாமிதான் என்று சொன்னேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் அது உன் தலைமையாசிரியர் என்று தெரிந்தது. இந்த விஷயம் நம் வீட்டு வாசலைத் தாண்டாது, பயப்படாதே.

கேமரா பழுது, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொடுக்காதே. அதில் ஒரு குறையும் இல்லை. படம் எடுக்கும்போது அது ஆடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆடாமல் வைப்பது எப்படி என்று ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். ஆனால் உன் அம்மா வாத்தியார். ஒரு கேள்வி கேட்டால் முழுப் பாடத்தையும் நடத்தாமல் விடமாட்டாள் என்று உனக்குத் தெரியும். அதோடு, இதற்குள் ஒரு கதையும் இருக்கிறது. சுதந்திரம் வந்த வருஷம் வேலு அண்ணன் வீட்டுக் கல்யாணம் நடந்தபோது நீ ஊரில் இல்லை. பினாங்கில் பயிற்சியில் இருந்தாய். விடுமுறைக்கு வந்தபோது ஆளுக்கு ஒரு துண்டாகச் சொல்லக் கேட்டிருப்பாய். முதலிலிருந்து கடைசிவரை நான் சொன்னதில்லை. என் கடிதங்களை உன் நண்பர்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுகிறாய் என்று எழுதியிருந்தாயே, அதனால் அவர்களுக்கும் புரியும்படி எழுதுகிறேன். எல்லாரும் உட்கார்ந்து கேளுங்கள்.

முதலில் உன் படத்துக்கு வருகிறேன். குகைக்குள் எடுத்த படத்தில் விளக்குகளைக் கவனித்துப் பார். ஒவ்வொரு சுடரும் ஒரு சின்னக் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது. எல்லாக் கொக்கியும் ஒரே பக்கம், ஒரே வளைவு. அத்தனை விளக்கும் பேசி வைத்துக்கொண்டு ஒரே மாதிரி ஆடுமா? ஆடியது கேமரா. ஒரு படத்தில் ஒரே ஓர் ஆள் மட்டும் கலங்கி, மற்றதெல்லாம் தெளிவாக இருந்தால் அந்த ஆள் அசைந்திருக்கிறார் என்று அர்த்தம். எல்லாமே சேர்ந்து கலங்கியிருந்தால் குற்றம் நம் பக்கம். இருட்டான இடத்தில் லென்ஸ் வெகுநேரம் திறந்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் கேமரா ஒரு தலைமுடி அளவுகூட நகரக் கூடாது. ஸ்டாண்டில்தானே வைத்தேன், அப்புறம் எப்படி ஆடும் என்று கேட்கிறாய். ஸ்டாண்டு எதன்மேல் நின்றது? மரப்பலகை மேடையில், பக்கத்திலேயே பக்தர்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். பதிலும் அதிலேயே இருக்கிறது.

இதையெல்லாம் நானும் யாரிடமும் போய்ப் படித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருத்தி ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது, அந்தத் துருத்தி வைத்த மடிப்புக் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். படம் எடுக்கத் தெரியாமலேயே நான் கேமராக்காரி ஆகிவிட்டேன். இங்கிலாந்து ராணிக்கு முடிசூட்டிய வருஷம் நம் ஊர் ஆற்றங்கரை முழுக்க விளக்குச் சரம் போட்டிருந்தார்களே, உனக்கு நினைவிருக்கும். நீ அன்று பந்து விளையாடிவிட்டு முட்டியில் ரத்தத்தோடு வந்தாய். அந்த விளக்குகளை ஆற்றுத் தண்ணீரோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சாயங்காலம் பாலத்தின் நடுவில் ஸ்டாண்டை வைத்தேன். ஜனங்கள் நடக்க நடக்கப் பாலம் அதிர்ந்தது. உன் அப்பா, "கித்தாத் தோட்டத்துல பொறந்தவன் நான், அதிர்ச்சிக்கு மருந்து என்கிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டு, எங்கோ போய்த் தடித்தடியாகக் கித்தா ரப்பர் துண்டுகளைக் கொண்டுவந்து ஸ்டாண்டின் ஒவ்வொரு காலுக்கு அடியிலும் வைத்தார். படம் கழுவி வந்தபோது ஆறு முழுக்க விளக்குக்குப் பதில் புழு நெளிந்தது. மெத்தையில் நிற்பவன் தரையில் நிற்பவனைவிட அதிகமாகத்தான் ஆடுவான் என்று அன்று தெரிந்துகொண்டோம். ஸ்டாண்டுக்கு வேண்டியது கெட்டியான தரை. மிருதுவான எதையும் அதற்கு அடியில் வைக்காதே. உன் அப்பா மட்டும் இன்றுவரைக்கும் அது கித்தாவின் குற்றமில்லை, பாலத்தின் குற்றம் என்றுதான் சொல்கிறார்.

இன்னொரு நாள், பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்த, உன் அப்பா ஓட்டுகிற பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, வெளியே பெய்த மழையைப் படமெடுக்கப் பார்த்தேன். பஸ்தான் நிற்கிறதே, எப்படி ஆடும் என்றார் அவர். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு வாங்கி வைத்திருந்த கோப்பிக் குவளையைப் பார்த்தேன். கோப்பியின் மேலே சின்னச் சின்ன வளையங்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. இருபது வருஷமாக அந்த இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து, உன் அப்பாவின் உடம்புக்கு அது ஆட்டமாகவே படவில்லை. நமக்குப் பழகிப்போன ஆட்டம் நமக்குத் தெரியாது. கோப்பிக்குத் தெரியும்.

இனி வேலு அண்ணனுக்கு வருகிறேன். நம் தெருவில், கல்லு வீட்டுக்கு அடுத்த மரவீட்டுக்காரர். தச்சர். கொஞ்சம் பேசினால் நிறையச் சிரிப்பார், நிறையப் பேசினால் நம்மைச் சிரிக்க வைத்துவிடுவார். நம் காஜா பெராங்கிலேயே பிறந்து வளர்ந்த செட்டிக் குடும்பத்துப் பெண்ணான காமாட்சி அக்காவைக் கட்டிக்கொண்டு, அக்காவின் பெற்றோர் வீட்டிலேயே குடியிருந்தார். உன் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் ஊர்ச் செட்டி மக்கள் கும்பிடுவது நம் சாமி, வைத்துக்கொள்வது நம் பெயர், வாயைத் திறந்தால் வருவது மலாய். காமாட்சி அக்காவும் அப்படித்தான். தமிழ் புரியும், நடுநடுவே நாலு வார்த்தை வரும். என்னை "சிக்கு" என்றுதான் கூப்பிடுவார். மலாயில் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர்களுக்கு ஒரே மகள் சரோஜா. அவளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குக் கோத்தா பாருவில் ஆஸ்பத்திரி வேலை. கல்யாணம் முடிந்த மறுநாளே பெண்ணை அழைத்துக்கொண்டு புறப்பட வேண்டும். இங்கிருந்து தம்பின் ஸ்டேஷனுக்குப் போய், ரயில் பிடித்து, கெமாசில் மாறி, காட்டுக்குள்ளேயே போய்க்கொண்டிருக்க வேண்டிய தூரம்.

சுதந்திரத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னால் தெருமுனையில் வரவேற்பு வளைவு கட்டினார்கள். மூங்கில் சட்டத்தைப் போட்டது வேலு அண்ணன். உச்சியில் விளக்குச் சரத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர், மழையில் ஈரமாகியிருந்த ஏணியில் கால் வழுக்கிக் கீழே விழுந்தார். இடுப்பெலும்பும் விலாவும் போயின. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படிப் படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலும் வந்துவிட்டது. பார்க்கப் போகிறவர்களிடம் பேசமாட்டார். கண்ணைத் திறந்து பார்ப்பார், மூடிக்கொள்வார். வேலு அண்ணன் பேசாமல் கிடந்ததுதான் தெருவையே பயமுறுத்தியது. டாக்டரும் பார்க்கலாம், பார்க்கலாம் என்றாரே தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று காமாட்சி அக்கா அழுதார். அதற்கு மட்டும் வேலு அண்ணன் வாயைத் திறந்து, கூடாது என்று சொல்லிவிட்டார். முகூர்த்தம் ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில். அவரால் அங்கே போக முடியாது. முதல் நாள் சரோஜா என்னைத் தேடி வந்தாள். கையில் மருதாணி காயவில்லை. இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டே நின்று, "டீச்சர், அப்பா கூட ஒரு படம் வேணும். கூப்பிட்டிருந்த படக்காரர் சுதந்திரத்தப் பாக்கக் கோலாலம்பூர் போய்ட்டாராம். வேற யாரும் கெடைக்கல. நாளன்னிக்கு நான் போய்ட்டா..." என்றாள். நான் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் போன பிறகுதான் கேமராவைத் திறந்து பார்த்தேன். சுருளில் மூன்று படம்தான் மிச்சம். சுதந்திரக் கொண்டாட்டத்தில் ஊரிலுள்ள கடைகளெல்லாம் மூடிக் கிடந்தன. பளிச்சென்று வெளிச்சம் போடுகிற பல்பும் என்னிடம் கிடையாது.

கல்யாணம் சுதந்திரத்துக்கு மறுநாள். காலையில் கோயிலில் தாலி கட்டி முடித்து, மத்தியானத்துக்கு மேல் பெண்ணும் மாப்பிள்ளையும் அப்பாவிடம் ஆசீர்வாதம் வாங்க வீட்டுக்கு வந்தார்கள். மழை மேகம் கூடி, கூடத்துக்குள் பாதி இருட்டு. வேலு அண்ணனுக்குப் புதுச் சட்டையை மார்பின்மேல் போர்த்தினாற்போல் போட்டு, தலையைச் சீவி, திருநீறு பூசி வைத்திருந்தார்கள். முகம் வற்றிப்போயிருந்தது. சரோஜா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை அவளுக்குப் பின்னால் நின்றார். காமாட்சி அக்கா தலைமாட்டில். நான் கூடத்தின் மறுகோடியில் ஸ்டாண்டை வைத்து, எல்லாரையும் அசையாமல் இருக்கச் சொல்லி, லென்ஸைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தர் பலகாரத் தட்டோடு உள்ளே வந்தார். அவர் அந்தக் கோடியில் காலை வைத்தார், இந்தக் கோடியில் தரைப்பலகை எழும்பியது. என் கண் முன்னாலேயே ஸ்டாண்டு ஒரு குதி குதித்தது. ஒரு படம் போயிற்று.

எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். கட்டில் பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர் வைத்திருந்தார்கள். பார்த்தால், பஸ்ஸில் கோப்பியில் பார்த்தேனே, அதே வளையங்கள். செம்பை எடுத்து விளிம்புவரை தண்ணீர் ஊற்றி ஸ்டாண்டின் காலடியில் வைத்தேன். கூடத்தில் ஒருவரும் அசையவில்லை, ஆனாலும் தண்ணீர் நடுங்கியது. சமையலறையில் யாரோ நடந்தார்கள். பின்கட்டில் பிள்ளைகள் குதித்தார்கள். மரவீடு முழுவதும் ஒரே உடம்பு, தம்பி. எங்கே தட்டினாலும் எல்லா இடத்திலும் தெரியும். இத்தனை பேர் கூடியிருக்கிற கல்யாண வீட்டில் அந்தத் தரை அடங்கவே அடங்காது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது: அவர்கள் உள்ளேயே இருக்கட்டும், நான் வெளியே போய்விடுகிறேன். முற்றத்து மண்தரை வீட்டோடு ஒட்டாமல் தனியாக இருக்கிறது. வாசல் கதவு இரண்டையும் அகலத் திறந்தால் கூடம் நேராகத் தெரியும். கட்டிலை மட்டும் கொஞ்சம் திருப்பினால் போதும்.

நாலு ஆண்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக் கட்டிலை மெல்லத் தூக்கினார்கள். அத்தனை நாள் பேசாதிருந்த மனிதர் அப்போது கண்ணைத் திறந்து, "பொணத்தத் தூக்குற மாதிரி தூக்காதீங்கடா. இது கல்யாண வீடு" என்றார். தூக்கியவர்களுக்குச் சிரிப்பு வந்து, கட்டிலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்க வேண்டியதாயிற்று. காமாட்சி அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீ செய்ய வேண்டியதும் இதுதான். ஸ்டாண்டின் கால்களை முழு உயரத்துக்கு இழுக்கவில்லை. மேலே இருக்கிற தடித்த பாகம்தான் உறுதியானது, கீழே போகப் போக மெலிந்து ஆடும். கால்களை நன்றாக அகட்டி மண்ணில் அழுத்தி ஊன்றினேன். பந்திக்கு வாங்கி வைத்திருந்த அரிசியில் ஒரு பையைக் கொண்டுவரச் சொல்லி, ஸ்டாண்டின் நடுவில் தொங்கவிட்டேன். பாரம் ஏறினால் ஸ்டாண்டு அடங்கும். ஆனால் பை ஊஞ்சலாடினால் அதுவே ஆட்டிவிடும், அதனால் அடிப்பாகம் மண்ணைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கட்டினேன். கேமராவின் வாரைக் கழற்றிவிட்டேன், காற்றில் அது படபடக்கும். தூறல் விழுந்ததால் ஒரு பெண்ணைக் குடை பிடிக்கச் சொன்னேன், குடைக்கம்பி எதன்மேலும் படக்கூடாது என்ற கண்டிப்போடு. செம்பை ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். தண்ணீர் அடங்கியது. லென்ஸைத் திறந்தேன். தெருவில் ஒரு லோரி வந்தது.

சுதந்திரம் வந்த மறுநாள் இல்லையா? இளைஞர்கள் லோரி லோரியாக ஏறிக்கொண்டு, கொடியைப் பிடித்து, மேளமடித்து, "மெர்டேக்கா" என்று சுதந்திரக் கோஷம் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. லோரி போனதும் செம்புத் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஆடியது. இரண்டாவது படமும் போயிற்று. ஒரே ஒரு படம்தான் பாக்கி. அதற்குப் பின்னாலேயே இன்னொரு லோரி, அதற்குப் பின்னால் இன்னொன்று. மேகம் இன்னும் கறுத்துக்கொண்டு வந்தது. உள்ளே வேலு அண்ணனுக்கு இருமல் வந்துவிட்டது. அவரை எவ்வளவு நேரம் அப்படியே வைத்திருக்க முடியும்? சரோஜா என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

அப்போதுதான் உன் அப்பாவின் பஸ் வந்தது. ஊரே கொண்டாடும்போது பஸ்காரனுக்கு ஏது லீவு? நான் தெருவில் இறங்கிக் கையைக் காட்டினேன். நிறுத்தினார். ஜன்னல் ஓரம் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்டார். ஒரு கோப்பி ஆறுகிற நேரம் என்றேன். வீட்டையும் தெருவையும் பார்த்தார். "நீ போய் ஒன் வேலையப் பாரு" என்றார். பஸ்ஸைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய், தெருவுக்குக் குறுக்கே சாய்வாகத் திருப்பி, இந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாதபடி நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். பிறகு இருக்கையிலிருந்து திரும்பி, பஸ்ஸில் இருந்தவர்களிடம் மலாயில் விளக்கிச் சொன்னார். படுத்த படுக்கையாக இருக்கிற அப்பா, நாளைக்குத் தூர தேசம் போகிற மகள், ஒரே ஒரு படம். பஸ்ஸில் யாரும் முணுமுணுக்கவில்லை. சொங்கோக் தொப்பி போட்ட மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் முதலில் இறங்கி வந்து முற்றத்து ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு சீன அம்மா கூடை நிறைய வாத்துகளோடு வந்து பக்கத்தில் நின்றார். வாத்துகளை என்ன செய்வது என்று என்னிடம் சைகையால் கேட்டார். கத்தினால் கத்தட்டும் என்றேன். சத்தத்தால் படம் கெடாது.

பஸ்ஸுக்குப் பின்னால் லோரிகள் வரிசையாக நின்றன. என்ன தகராறு என்று கேட்கக் கொடியோடு குதித்து வந்த பையன்களிடம் அந்த மலாய்ப் பெரியவரே தணிந்த குரலில் ஏதோ சொன்னார். மேளம் நின்றது. பின்னால் இருந்த லோரிகளும் எஞ்சினை அணைத்தன. முதல் நாள் முழுக்க இரைந்துகொண்டிருந்த தெரு அப்படி ஓய்ந்து நான் பார்த்ததேயில்லை.

இன்னும் ஒரே ஒரு ஆட்டம் பாக்கியிருந்தது, அது என் விரலில் இருந்தது. என்னதான் பூ மாதிரி அமுக்கினாலும் ஷட்டரைத் தொடுகிற விரல் கேமராவை ஆட்டிவிடும். உன் அப்பாவின் தொப்பியை வாங்கினேன். லென்ஸுக்கு முன்னால், அதைத் தொடாமல், உள்பக்கத்துக் கறுப்புத் துணி தெரியும்படி பிடித்து மறைத்துக்கொண்டேன். திறந்தால் திறந்தபடியே நிற்கும்படி ஷட்டரை வைத்து, அமுக்கிவிட்டேன். தொப்பி மறைத்திருப்பதால் உள்ளே வெளிச்சம் போகாது. என் விரலால் வந்த ஆட்டம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு செம்பைப் பார்த்தேன். தண்ணீரில் மேகம் தெரிந்தது. காமாட்சி அக்காவுக்குத் தலையசைத்தேன். அவர், தெருக்கோடிவரைக்கும் கேட்கிற குரலில், "ஜாங்கான் கெராக்" என்றார். அசையாதீர்கள் என்று அர்த்தம். கூடத்தில் இருந்தவர்கள், முற்றத்தில் இருந்தவர்கள், தெருவில் கொடி பிடித்து நின்ற பையன்கள், எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். தொப்பியை விலக்கினேன். மெதுவாக எண்ணினேன். தொப்பியால் மறைத்தேன். ஷட்டரை மூடினேன்.

முடிந்தது என்று சொல்ல மறந்து, சுருளைச் சுற்றத் தொடங்கிவிட்டேன். உள்ளேயிருந்து வேலு அண்ணன்தான், "டீச்சர், இப்ப மூச்சு விடலாமா?" என்று கேட்டார். அவ்வளவுதான், தெருவே சிரித்தது. பையன்கள் மேளத்தைத் தூக்கிக்கொண்டு நேராக வேலு அண்ணன் வாசலுக்கே வந்து அடித்தார்கள். காமாட்சி அக்கா பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாருக்கும் பலகாரம் கொடுத்து அனுப்பினார். விஷயம் பஸ் முதலாளியின் காதுக்குப் போய், அவர் மறுநாள் உன் அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தார். உன் அப்பா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். படம் வந்ததும் எனக்கும் ஒரு தடவை காட்டு என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

சரோஜா மறுநாள் காலையில் புறப்பட்டுவிட்டாள். கடைகள் திறந்ததும் சுருளைக் கழுவக் கொடுத்தோம். படம் கைக்கு வந்தபோது நான் கடை வாசலிலேயே நின்று பார்த்தேன். சுவரில் அடித்திருந்த ஆணி தெரிந்தது. சரோஜா தலையில் ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாகத் தெரிந்தது. காமாட்சி அக்காவின் மூக்குத்தி, மாப்பிள்ளை சட்டைப் பொத்தான், கட்டில் காலில் இருந்த மரச்செதுக்கல், எதிலும் ஒரு துளி கலக்கம் இல்லை. ஒரே ஓர் இடம்தான் புகை மாதிரி இருந்தது. சரோஜாவின் மணிக்கட்டுமேல் இருந்த வேலு அண்ணனின் வலது கை. அத்தனை பேரையும் அசையாமல் நிறுத்திய பிறகும், அந்த மனிதர் மகளின் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அது எனக்குத் தெரியவேயில்லை. வழி முழுக்க எனக்கு மனசே சரியில்லை. அவருக்கு இருந்த ஒரே படம், அதிலும் அவர் கை கெட்டுப்போயிற்றே என்று.

படத்தை அவரிடம் கொடுத்து, கை மட்டும் கலங்கிவிட்டது என்று சொன்னேன். முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். காமாட்சி அக்கா பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேலு அண்ணன் சொன்னார், "எல்லாரும் செல மாதிரி நிக்கிறாங்க டீச்சர். நான் ஒருத்தந்தான் உசுரோட இருக்கேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். விலாவைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். அன்றைக்குக் கஞ்சியை வேண்டாம் என்று தள்ளிவிட்டு மீன்கறி கேட்டாராம். காய்ச்சல் விட்டது படத்தாலா மருந்தாலா என்று நான் சொல்லமாட்டேன். தீபாவளிக்கு நம் வீட்டு வாசலில் தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். சரோஜாவுக்கு ஒரு பிரதி அனுப்பினோம். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, அந்தக் கை இருக்கிற இடத்தைத்தான் தினமும் பார்க்கிறேன் என்று பதில் எழுதியிருந்தாள்.

தம்பி, குகைக் கோயிலில் நடந்து போகிறவர்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்லக் கூச்சமாக இருந்தது என்று எழுதியிருந்தாய். புது ஊர், யாரையும் தெரியாது, நம்மை யார் மதிப்பார்கள் என்று நினைக்கிறாய். கேட்டுப் பார். ஏன் எதற்கு என்று மறைக்காமல் சொல்லிக் கேட்டால், ஜனங்கள் நிற்பார்கள். ஒரு தெரு முழுக்க நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நின்றவர்களில் பாதிப்பேருக்கு வேலு அண்ணன் யாரென்றே தெரியாது. தனியாக எல்லாவற்றையும் சமாளித்துவிட வேண்டும் என்று நினைக்கிற வயது உனக்கு. படமெடுப்பதில்கூட அது முடியாது. யாரோ குடை பிடிக்க வேண்டும், யாரோ அரிசிப் பை கொடுக்க வேண்டும், யாரோ எஞ்சினை அணைக்க வேண்டும்.

போன மாதம் சரோஜா முதல் தடவையாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பெண் குழந்தை, இப்போதுதான் நடை பழகுகிறது. தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து ஒரு படம் வேண்டும் என்று காமாட்சி அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முற்றத்தில் நல்ல வெயில். குழந்தை ஓடிற்று, வேலு அண்ணன் தடியை எறிந்துவிட்டு நொண்டிக்கொண்டே பின்னால் போனார், அக்கா இரண்டு பேரையும் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு ஓடினார். நான் ஸ்டாண்டை விரிக்கவேயில்லை. கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து நானும் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, சுருள் தீரும்வரை எடுத்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தலைமையாசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா